மெஷினுக்குத் தலையாட்டாத கண்ணாடியக்கா

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கண்ணாடியக்கா இடக்கையால் எண்ணும் பெட்டியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வகை வெள்ளணுவுக்கும் ஒரு பொத்தான். நூறு ஆனதும் பெட்டி மணியடிக்கும். அதுவரை மேலதிகாரியே வந்து நின்றாலும் பதில் கிடையாது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணுவார். முடிந்ததும் அதையே மேசை முழுக்கத் தேடுவார்.

அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரே நிமிடத்தில் எல்லாக் கணக்கையும் துப்பிவிடும். அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "அதுக்கு எண்ணத்தான் தெரியும், பாக்கத் தெரியாது" என்பார்.

நுரையீரல் புற்றுநோய்க்காரர்களின் ரத்தம் என்றால், ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. வெள்ளணுக்களைச் சொந்தப் பிள்ளைகளைப்போலத் திட்டுவார். சண்டைக்கு அனுப்பினால் சிலது எதிரியோடு உட்கார்ந்து அரட்டை அடிக்குமாம். "தண்டச்சோறுங்க!" ஆனால் வேறு யாராவது அவற்றைக் குறைத்துச் சொல்லிவிட்டால் போச்சு, பொல்லாத கோபம் வரும்.

அந்தக் கோபத்தை என் அண்ணன் விஷயத்தில் பார்த்தேன். அண்ணன் பஸ் டிரைவர்; அவருக்கும் நுரையீரல் புற்றுநோய். வெள்ளணு குறைவு, உடம்பு தாங்காது என்று அவருக்கு ஏற்றவேண்டிய புற்றுநோய் மருந்தை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள்; இரண்டு முறையும் அக்கா விடுப்பு. மூன்றாவது முறையும் மெஷின் அதையே சொன்னது. இன்னும் தள்ளினால் நெஞ்சிலிருக்கும் கட்டி சும்மா இருக்குமா?

அக்கா தகட்டைப் பார்த்தார். அணுக்கள் பத்தும் பதினைந்துமாக ஒட்டிக்கொண்டு நின்றன. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் போட்டிருக்கும் மருந்து லட்சத்தில் ஒருவருக்கு இப்படிச் செய்துவிடுமாம். மெஷின் ஒரு கும்பலையே ஓர் ஆளாக எண்ணித் தொலைத்திருந்தது. வேறு மருந்து போட்ட குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, சூடு ஆறுவதற்குள் கோடு போட்ட தகட்டில் கட்டம் கட்டமாகக் கையால் எண்ணினார். தேவைக்கு மேலேயே இருந்தன.

டாக்டரோ, மெஷின் தாள்தான் செல்லும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போனிலேயே முடித்துவிட்டார். அக்கா விடுவிடுவென்று மாடியேறினார். நானும் பின்னால் ஓடினேன்.

"இருக்கறத இல்லன்னு எழுத என்னால முடியாது டாக்டர். வந்து உங்க கண்ணால பாருங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் இறங்கி வந்தார். நுண்ணோக்கியில் குனிந்த தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று. பிறகு, மருந்தைத் தள்ளிவைத்து எழுதியிருந்த சீட்டைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு, மருந்து ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இது எதுவும் தெரியாத அண்ணன், இன்றைக்கும் மருந்து இல்லை என்று வெளிவாசல்வரை போயிருந்தார். அக்கா ஓடிப்போய்க் கூப்பிட்டதும், "விடும்மா, அடுத்த வாரம் வர்றேன். எனக்கு இது பழகிப்போச்சு" என்றார்.

அக்கா அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, கட்டிலில் உட்காரவைத்து, அவருடைய சட்டைக் கையைத் தானே முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார்.