லைக் விழாத அட்டை

கணினி பழுதுபார்க்க வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். சமூக அறிவியல் ஆசிரியர், ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

பிள்ளைகள் பாடத்தில் வரும் ராஜாக்களுக்கு அட்டையில் ஃபேஸ்புக் பக்கம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் அவர் சிவப்புக் கட்டைவிரல் வரைந்து லைக் போட்டிருந்தார். ஒரு அட்டையில் மட்டும் இல்லை. அது ராஜாவின் பக்கம் அல்ல, பிள்ளைகள் அவருக்கே வரைந்த பக்கம். ஸ்டேட்டஸ்: ‘கள்ளக்குறிச்சிக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டுக்கினு இருக்கேன்.’

“இதுக்கு ஏன் சார் லைக் போடல?”

“எழுதுனது நெசந்தாங்க. லைக் போட்டா, போறதுல எனக்கு சந்தோஷம்னு பசங்க நெனைச்சிக்கும்.”

“அப்ப கிழிச்சிடுங்க.”

“நல்லா எழுதிக்கீதுங்களே, இன்னா பண்றது?”

நான் ஜீப்பில் ஏறும்போதும், மூடி கழற்றிய பேனாவோடு அந்த அட்டைக்கு முன்னால்தான் நின்றிருந்தார்.