எனக்காக நடந்த ஜெபம்

கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி. வலியில்லை. புளியங்கொட்டை அளவில் இருந்தது நெல்லிக்காய் அளவானதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கணவர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். நான் ஜீவனஹள்ளி வீட்டின் முன்னறையில் சாயங்காலம் டியூஷன் எடுத்தேன். பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்கவே எடுத்தேன் என்றாலும் தப்பில்லை.

பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரின் மேஜையைச் சுற்றி நான்கைந்து நோயாளிகள் நின்றிருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கம். ஒருவர் நாக்கை நீட்டும்போதே அடுத்தவர் தன் மூலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டர் இளைஞர், கன்னடக்காரர். சீட்டில் என் பெயரைப் பார்த்ததுமே இந்தத் தமிழம்மாவுக்குக் கன்னடம் தெரியாது என்று அவராகவே முடிவு செய்து, ஆயாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். வந்தவர் ஸ்டெல்லா அக்கா, எங்களுக்கு அடுத்த சந்து.

“நனகெ கன்னட பருத்தெ, டாக்டர்” (எனக்குக் கன்னடம் வரும்) என்றேன். அதற்குள் அவர் சொன்னதை அக்கா தமிழில் சொல்லிவிட்டார்.

“டிபியாம்மா உனக்கு. கழுத்துல வந்துருக்குது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணுமாம்.”

சுற்றி நின்றவர்கள் சற்று விலகினார்கள். யாரோ கூப்பிட, அக்கா போய்விட்டார். அதன் பிறகுதான் டாக்டர் மீதியை என்னிடம் கன்னடத்தில் சொன்னார். இது நிணநீர்க் கணுவில் (உடலின் காவல் முடிச்சுகளில்) வந்த காசநோய், நுரையீரலில் இல்லை, மற்றவர்களுக்குப் பரவாது, தாராளமாகப் பாடம் எடுக்கலாம்.

பிள்ளைகள் வந்தால்தானே. அந்த வாரமே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒரு தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். பையனை வேற எடத்துல சேத்துட்டோம்.”

பரவாத நோய் என்று விளக்கினேன். தலையாட்டினார். துணியை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

ஸ்டெல்லா அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

“நான் எங்கம்மா ஊரெல்லாம் சொன்னேன்? ஜெபக் கூட்டத்துல உனக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன். பேரும் நோயும் சொல்லாம எப்படி ஜெபிக்கிறது?”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவேயில்லை, வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை. டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாஷை புரியாமல் நான் கஷ்டப்படக் கூடாதே என்றுதான் ஆயாவைக் கூப்பிட்டாராம். எல்லோருக்கும் நல்லெண்ணம் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முடிவைக் கேட்கும் முன் மற்றவர்களை வெளியே அனுப்பச் சொல்லுங்கள். திமிர் பிடித்தவள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாத்திரைகள் முடிந்தன, கட்டி கரைந்தது. கடைசியாகப் போன அன்று டாக்டர் என் சண்டையை மறக்காமல் எல்லோரையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், குணமாகிவிட்டது என்றார். வெளியே ஸ்டெல்லா அக்கா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

அந்தச் செய்தி எங்கள் சந்துக்கு வரவேயில்லை, பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. சாயங்காலங்கள் நீண்டுவிட்டன. ஐந்து மணியானால் இப்போதும் முன்னறையைப் பெருக்கி விளக்கைப் போடுகிறேன். வெளியே யாராவது என் பெயரைச் சொன்னால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை.