எண்ணெய் படாத மிளகாய்

காலை 5.50. சென்னையிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் முதுகு விறைத்திருந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு தேநீர் குடித்தேன். பக்கத்துக் கடையில் நாளிதழ் ஒன்று வாங்கினேன். அந்தத் தாளுக்கு அன்று வேறொரு வேலை காத்திருந்தது.

சென்னையில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று கடைகளில் எவ்வளவு காரம் வேண்டும் என்று விலைப்பட்டியலிலேயே கேட்கிறார்கள். கைப்பேசியில் ஏதேதோ நாட்டுக்காரர்கள் மிளகாயைக் கடித்து, மூக்கு ஒழுகி, அழுது, பிறகு சிரிக்கிறார்கள். அப்படிப்பட்ட மிளகாய் ஒன்றைக் கல்வராயன் மலையில் பயிரிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினேன். வயிற்றுப் புண்ணால் இரண்டு வருடமாக நான் காரத்தைத் தொடுவதில்லை.

காலை 7.15. கச்சிராயபாளையம். வழியெல்லாம் கரும்பு. பேருந்து நின்ற இடத்தில் ஒரு பெட்டிக்கடை. ஷாம்பு சரங்களுக்கு நடுவே, நெருப்புக் கக்கும் கோழி படம் போட்ட கொரிய நூடுல்ஸ் பாக்கெட் தொங்கியது. விலை ஐம்பது ரூபாய். யார் வாங்குகிறார்கள் என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"காலேஜ் பசங்க சார். தின்னுட்டு கண்ணு கலங்கிக்கினு தண்ணி கேப்பாங்க. மறுநாளும் வருவாங்க."

மலைக்கு என்னை ஏற்றிக்கொண்டவர் ஏழுமலை. முப்பது வயதிருக்கும். சாஸ் தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்காக, வாரம் ஒரு நாள் மலையிலிருந்து பழம் ஏற்றி வருவது அவருடைய மினி லாரியின் வேலை. காலிப் பெட்டிகள் பின்னால் தடதடத்தன. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே அவர் தன் கவலையைச் சொல்லிவிட்டார்.

"போன வாரம் லோடு அப்டியே திரும்பிச்சி சார். பெட்டியத் தொறந்தா பழம் பளபளன்னு இருக்குது. எண்ணெ தடவி பாலிஷ் போட்டீங்களான்னு கேட்டாங்க. நான் இன்னா சொல்றது?"

"தடவுனாங்களா?"

"பழத்துல தடவல சார். கையில தடவுனாங்க."

மிளகாய் வியாபாரத்தில் நிறம் எடுத்துக் காட்ட எண்ணெய் பூசும் ஏமாற்று வேலை பழையது. கம்பெனி ஆட்கள் அதைத்தான் சந்தேகித்திருக்கிறார்கள். இங்கே நடந்தது வேறு. பேய் மிளகாய் என்று பெயர் பெற்ற இந்தப் பழத்தைப் பறித்தால் விரல்கள் இரண்டு நாள் எரியும். அதனால் பறிக்கும் பெண்கள் முழங்கை வரை விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கையிலிருந்த எண்ணெய் பழத்துக்குப் போய்விட்டது. இன்றைய லோடும் அப்படியே போனால் இனி இந்த மலைக்கு வண்டி வராது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

காலை 9.30. கரியாலூரைத் தாண்டி, மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர். அஞ்சலையின் நிலம். அறுபது சென்ட் முழுக்க மிளகாய். போன வருடம் இதே இடத்தில் சாமை இருந்ததாம். செடிகள் இடுப்பளவு. பழங்கள் சுருங்கி, சிவந்து, பார்க்க நோயுற்றவை போல இருந்தன. வரப்பில் பறிக்கும் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழவில்லை.

"எண்ணெ இல்லாம எறங்க மாட்டோம் அஞ்சல. போன மாசம் கைய கழுவிட்டுத்தான் படுத்தேன். காலையில மூஞ்சத் தொடைச்சேன், கண்ணு ரெண்டும் போச்சின்னு நெனச்சேன்" என்றார் குப்பம்மாள். நால்வரில் மூத்தவர்.

"எண்ணெ பூசினா வண்டி வராது யக்கா. வண்டி வரலன்னா இத்தினி செடிய நான் இன்னா பண்றது? கொழம்புலயா போட முடியும்?"

"கம்பெனிக்காரன வந்து பறிக்கச் சொல்லு. கண்ணுல தண்ணி வுட்டுக்கினு திங்கிறானே அவன் வரட்டும்."

"அவன் வந்தா நீ இன்னா பண்ணுவ?"

"பக்கத்துல குந்திக்கினு விசிறி வுடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. கம்பெனி கொடுத்த ரப்பர் கையுறைகள் வேலியில் காய்ந்துகொண்டிருந்தன. அரை மணி நேரம் போட்டால் உள்ளே வியர்வை தேங்கும், எங்காவது ஒரு பொத்தல் விழுந்தால் சாறு வியர்வையோடு சேர்ந்து ஊறும், வெறுங்கையே மேல் என்றார்கள்.

அஞ்சலை சிறிது நேரம் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ஊர்ப்பக்கம் நடந்தார். திரும்பியபோது கையில் இரண்டு கத்தரிக்கோல்கள். துணி தைக்கும் ராணியிடமிருந்து பெரியது, முடி வெட்டுபவரிடமிருந்து சின்னது. கூடவே இரண்டு முறங்கள்.

"கையில எண்ணெ பூசிக்கோங்க. ஆனா பழத்த யாரும் தொடக் கூடாது. ஒருத்தி காம்ப வெட்டணும், ஒருத்தி கீழ மொறத்த ஏந்தணும். மொறத்துல வுழுந்தத அப்டியே பெட்டியில சாய்ச்சிடலாம்."

குப்பம்மாள் கத்தரியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பழத்துக்கு கிராப்பு வெட்டச் சொல்றா" என்று எழுந்தார்.

பகல் 1.00. வேலை மிக மெதுவாக நடந்தது. கையால் ஒரே வீச்சில் மூன்று நான்கு பறிப்பவர்கள், ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். காம்பு அறுபடும்போதெல்லாம் காற்றில் ஒரு காட்டம் வந்தது. எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே தும்மல் நிற்கவில்லை.

மதியம் சாமைச் சோறு, பருப்பு, மோர் போட்டார் அஞ்சலை. பருப்பில் மிதந்தது வீட்டுக் கொல்லையில் விளைந்த சாதாரணப் பச்சை மிளகாய். அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பேய் மிளகாயைச் சமைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தபா. பாதிப் பழத்த ரசத்துல போட்டேன். ரசத்த மாடு கூட மோந்து பாத்துட்டு பூட்சி. இத எதுக்கு சார் திங்கிறாங்க?"

தெரியவில்லை என்றேன். நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு அது நல்ல பதில் இல்லை.

மாலை 3.40. வழக்கமாகப் பதினொரு பெட்டி நிறையும் நிலத்தில் அன்று ஐந்துதான் நிறைந்திருந்தது. மிச்சம் செடியில் கனிந்து நின்றது. இரண்டு மூன்று நாளில் உதிரும். அஞ்சலை அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

ஏழுமலை என் நாளிதழைக் கேட்டார். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பழத்தை இலையில் பிடித்தெடுத்து, தாளில் வைத்து அழுத்தி, தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எண்ணெய் இருந்தால் அந்த இடம் கண்ணாடி போலத் தெரியும். ஐந்து பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தாளில் ஈரம் பட்டிருந்தது, இளஞ்சிவப்பாக. கண்ணாடி இல்லை.

"இங்க சரி யக்கா. அங்க இன்னா சொல்றாங்கன்னு பாத்துட்டு போன் பண்றேன்" என்றார் ஏழுமலை. தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

மாலை 5.30. கச்சிராயபாளையத்தில் கம்பெனியின் சேகரிப்புக் கொட்டகை. உள்ளே ஒருவர் பெட்டிகளைத் திறந்தார், வெள்ளைத் துணியால் துடைத்தார், முகர்ந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு தலையை அசைத்தார். ஏழுமலை வெளியே வந்து அஞ்சலைக்குப் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டார். எடுத்தது கத்தரியைத் திரும்ப வாங்க வந்த ராணி.

"கத்தரி மொன்னையா பூட்சிண்ணா. அஞ்சல கைய மோர்ல வுட்டுக்கினு குந்தியிருக்குது. இரு, காதாண்ட வெக்கிறேன்."

"யக்கா, எடுத்துக்கினாங்க."

மறுமுனையில் அஞ்சலையின் குரல்.

"அடுத்த வாரம்?"

"வண்டி வரும்."

"அப்ப வரும்போது நாலு கத்தரி வாங்கியாங்க. ராணிதுக்கு பதிலு ஒண்ணு, எங்களுக்கு மூணு."

மாலை 6.50. கள்ளக்குறிச்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகம். மேசைமேல் உப்புக்குப் பக்கத்தில் சிவப்பு சாஸ் பாட்டில். அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டேன், நாற்பது ரூபாய். சென்னை வண்டியில் சன்னலோர இடம் கிடைத்தது. அசதியில் படிக்க ஏதாவது வேண்டும் என்று பையிலிருந்து நாளிதழை எடுத்துப் பிரித்தேன். இரண்டு செய்தி படித்திருப்பேன். தூக்கம் வந்து கண்ணைக் கசக்கினேன்.

பாட்டில் தண்ணீர் முழுவதும் தீர்ந்தும் எரிச்சல் போகவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், அழுகிறேன் என்று நினைத்து, "வூட்ல எதுனா பிரச்சினைங்களா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். அன்று நான் ஒரு பழத்தையும் தொடவில்லை. ஐந்து பழங்களை ஒற்றி எடுத்த தாளைத்தான் தொட்டேன். விழுப்புரம் தாண்டும் வரை கண் திறக்க முடியவில்லை.