என் பிள்ளை அழ வேண்டும் என்று ஜெபித்தேன்

என் மகன் அழாமல் கிடந்ததற்காக வீடு நிறையப் பேர் ஸ்தோத்திரம் சொன்ன நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போன நவம்பர் மாதம். விடாத மழை. தலைப்பிரசவத்துக்காக சீவலப்பேரியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். என் கணவர் செல்வினுக்குத் திருப்பூரில் வேலை. நாள் நிறைவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பிள்ளை சுகமாகப் பிறந்தான், ஆனால் எடை குறைவு. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். "சின்னப் பிள்ளை. இப்போ குளிப்பாட்டாதீங்க. தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்க. எழும்பலைன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வந்து பார்த்து, பாடி, ஜெபித்துவிட்டுப் போவார்கள். போதகரின் மனைவியும் வருவார். அவரை ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை.

"பிள்ளைய இப்படியேவா காட்ட? ஒரு சொம்பு வெந்நி ஊத்தினா என்ன ஆயிரப் போவுது?"

"நர்ஸ் வேண்டாம்னு சொன்னாகல்லாம்மா."

"உன்னயும் அடைமழையிலதான் பெத்தேன். குளிப்பாட்டாமலா வளத்தேன்?"

குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புதுச்சட்டை மாட்டினாள். தலையில் தண்ணீர் விழுந்தால் எந்தப் பிள்ளையும் வீறிட்டு அழும். இவன் அழவில்லை. காலையிலிருந்து பாலும் சரியாகக் குடிக்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். "தூங்குதான், தூங்கட்டும் விடு" என்றாள் அம்மா. எனக்கு நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அம்மா சொன்னபடி விட்டுவிட்டேன்.

நனைந்த குடைகளை வாசலில் சாத்திவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளை மடி மாறி மடி மாறிப் போனான்.

"இம்புட்டுப் பேரு தூக்கியும் முனங்கக் கூட இல்ல பாத்தியளா?"

"பாட்டுச் சத்தத்துல எப்படி அமைதியாக் கெடக்கான். ஊழியத்துக்குன்னே பொறந்திருக்கான்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஐயரம்மா ஜெபிக்க ஆரம்பித்தார். அவர் ஜெபித்தால் சபை, ஊர், மழை, வயல் என்று ஒன்றையும் விடமாட்டார். பிள்ளை அப்போது என் மடிக்கு வந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டே அவன் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்காலைச் சுண்டினேன். காலை இழுக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உதட்டில் நிறமே இல்லை. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது.

"இந்தப் பிள்ளைக்கு அமைதியான சுபாவத்தைத் தந்தீரே" என்றார் ஐயரம்மா. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஆண்டவரே, இந்த அமைதி வேண்டாம். அழ வையும். ஒரே ஒரு தரம் அழ வையும்.

ஜெபத்தின் நடுவே வாய் திறப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். சிறு வயதில் கண்ணைத் திறந்தாலே அப்பாவிடம் அடி விழும். ஆமென் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஜெபம் முடிகிற மாதிரி இல்லை. அதற்குள் போய்விடுவான் என்று பயம் வந்தது. அந்தப் பயத்தோடு மறுபடியும் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பிள்ளை அழவில்லை. என் வாய்தான் திறந்தது.

"ஜெபத்த நிறுத்துங்க ஐயரம்மா. பிள்ள செத்துருவான்."

"ஏட்டி, என்ன பேச்சு பேசுதே?" என்று அம்மா பதறினாள். ஐயரம்மா கோபப்படவில்லை. பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க" என்றார்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், புதுச்சட்டையைக் கழற்றிப் பிள்ளையை என் வெறும் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தினாள். "அக்கா, உங்க சூடுதான் இப்போ இவனுக்கு வேணும். கைய எடுத்துராதீங்க." ரோட்டில் தண்ணீர் கிடந்ததால் சில இடங்களில் வண்டி பையத்தான் போனது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அழு, அழு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவோடு கூட வந்த ஐயரம்மா என் முழங்காலைப் பிடித்தபடி கண்ணீர் விட்டார்.

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப இறங்கிட்டு. உடம்பும் குளிர்ந்து போச்சு. இப்போ ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். "நாந்தான் குளிப்பாட்டுனேன்" என்று அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

உள்ளே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் என் பிள்ளை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே அவன் முனங்கத்தான் செய்வான், வாய்விட்டு அழுது நான் கேட்டதே இல்லையே.

வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "சீவலப்பேரிப் பிள்ளையோட அம்மா யாரு? குதிகால்ல ஊசி குத்துனதுக்கு என்னமா கத்துதான். வந்து கேளுங்க."

மெல்லிய சத்தம்தான். ஆனால் நல்ல கோபம் இருந்தது. அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்து நானும் சத்தமாக அழுதேன்.

அதற்குப் பிறகும் பல நாள் அங்கே இருந்தோம். பாலைப் பீய்ச்சிக் கொடுத்தேன், குழாய் வழியாக ஊட்டினார்கள். செல்வின் ஓடி வந்து சட்டையைக் கழற்றிவிட்டு மகனை நெஞ்சில் போட்டுக்கொண்டார். இன்று பிள்ளை தவழுகிறான். அம்மா இப்போது பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் போய், பால் குடிச்சானா, கால் சூடாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறாள். அவனைத் திரும்பத் தந்த தேவனுக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

வயிற்றில் பிள்ளையோடு இதைப் படிக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பயம் வந்தால், அது அவிசுவாசம் என்று அடக்கிக்கொள்ளாதீர்கள். அன்று எனக்கு வந்த பயத்தை ஆண்டவர்தான் தந்தார் என்று நான் நம்புகிறேன். பிள்ளை சுணங்கினால் ஜெபியுங்கள், ஆனால் ஆமென் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மீதி ஜெபத்தை ஆம்புலன்ஸில் சொல்லிக்கொள்ளலாம். அங்கேயும் அவர் கேட்டார்.