வாகனமில்லாத பாதை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவே சுற்றுலாவாக சைக்கிளில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். வாகனமே வராத பாதை என்று சொல்லி எங்களை அழைத்துவந்த வழிகாட்டி முன்னால் போகிறான். ஒரு வளைவில் நாலு பெண்கள் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வலி தாங்காமல் முனகுகிறாள்.

"ஆட்டோ கிடைக்கலையா?" என்கிறேன்.

"தோட்டத்து கேட்டுக்கு வெளிய நிக்குதுங்க," என்கிறாள் முன்னால் பிடித்திருப்பவள். "சைக்கிள் வர்ற நாள்ல தோட்டத்துல கேட்டைப் பூட்டிருவாங்க. ஒங்களுக்குத் தொந்தரவாம்."

பின்னால் எங்கள் பைகளை ஏற்றிய வேன் ஹாரன் அடிக்கிறது. அதற்கு மட்டும் கேட் திறக்கும்! சைக்கிளைக் குறுக்கே போட்டு வேனை மறிக்கிறேன். பைகளை இழுத்துத் தேயிலைச் செடிகள் மேல் எறிகிறேன்.

"ஐயோ, மழை வருது, சாமானெல்லாம் நனைஞ்சிரும்!" என்று ஓடிவருகிறான் வழிகாட்டி.

"நனையட்டும். நீ போன் பண்ணி கேட்டைத் திறக்கச் சொல்லு!" என்று கத்துகிறேன்.

மூன்று பெண்கள் கர்ப்பிணியோடு ஏறிக்கொள்ள, வேன் கிளம்புகிறது. நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோக நின்றவள் என்னைப் பார்க்கிறாள்.

"நாளைக்கும் சைக்கிள் வருதாம்ங்க."