தெற்குப் பார்த்த ஜன்னல்

என் அப்பாவுக்குத் தென்றல் என்றால் பைத்தியம். அவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தெற்கே ஜன்னல் வைத்தால் நல்ல காற்று வரும், வடக்கே வைத்தால் வாடை ஏறி நெஞ்சில் சளி கட்டும் என்று சின்ன வயதிலேயே அவர் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் கட்டட அலுவலகம் ஒன்றில் பிளான் வரைகிற வேலை கிடைத்து வந்தபோது அதையும் கூடவே கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

கீழ்மட்டச் சிப்பந்திகளுக்காக ஒரே வரிசையில் பன்னிரண்டு குவாட்டர்ஸ் கட்டினார்கள். பிளான் அப்பாவுடையது. ஒரு அறை, பக்கத்தில் ஒரு சமையலறை. வாசல் தெற்கே, இரண்டு ஜன்னல்களும் தெற்கே. வடக்குப் பக்கம் முழுக்கப் பலகைச் சுவர், கை நுழைகிற அளவுக்குக்கூடத் திறப்பு கிடையாது. அதில் ஒரு வீடு எங்களுக்கும் கிடைத்தது. குடிபோன அன்று அம்மாவையும் எட்டு வயதான என்னையும் ஜன்னலருகே நிறுத்தி, "காத்து எப்படி அள்ளிட்டு வருது பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

மே மாதம் மழை பிடித்தது. அந்தத் தீவில் தெற்கும் மேற்கும்தான் மழை வருகிற திசை. கடலிலிருந்து சாய்வாக அடித்து ஜன்னல் வழியாக நேரே அடுப்பின் மேல் கொட்டியது. இரண்டு நாள் அம்மா ஈர விறகோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் அப்பா ஒரு தகரத்தைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலை அடைத்து ஆணி அடித்தார். "மழை முடியட்டும், எடுத்துரலாம்" என்றார். அங்கே மழை முடிய டிசம்பர் ஆகும். எடுத்து மாட்டி என்னத்துக்கு என்று தகரம் அப்படியே தங்கிவிட்டது. பன்னிரண்டு வீட்டிலும் இதே கதைதான்.

காலை பத்து மணிக்குச் சமையலறையில் சிம்னி விளக்கு எரியும். மரமில்லிலிருந்து வரும் பச்சைக் கட்டைகள் புகையத்தான் செய்யும், எரியாது. போக வழியில்லாத புகை அறைக்குள்ளேயே சுற்றும். துணியிலும் பாயிலும் பூசணம். அப்பா ஒன்பதரைக்கு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார், நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். நாள் முழுக்க அந்தப் புகைக்குள் இருந்தவள் அம்மா ஒருத்திதான். இரண்டாம் மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அக்கா. புருஷன் அப்பாவின் ஆபீஸிலேயே பியூன். அவள் ஒருநாள் ரம்பத்தை எடுத்துத் தன் வீட்டு வடக்குச் சுவரில் இரண்டு பலகையை அறுத்து வீசிவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வடக்கே குன்று மறைப்பதால் சாரல் இல்லை, புகை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. "தீதி, தும் பி காட் தோ" என்றாள். நீயும் அறுத்துவிடு என்று பச்சையாகச் சொன்னாள்.

அம்மா அப்படியெல்லாம் அறுக்கிற ஆள் இல்லை. அப்பாவிடம் கேட்டாள்.

"ஏங்க, வடக்கால ஒரு சன்னல் வச்சுத் தாங்களேன். மூச்சு முட்டுது."

"வடக்காலயா? வாடை ஏறும். ஏற்கெனவே இருமுத."

"பக்கத்து வீட்டுல வச்சிருக்காளே."

"அவ வைப்பா. சர்க்கார் வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் எழுதிக் கேக்கணும். நானே எழுதவா, என் பிளான் தப்புன்னு?"

கடைசியில் சொன்னதுதான் உண்மை. வாடையாவது ஒன்றாவது! தகரத்துக்கு ஆணி அடிக்க அவர் யாரிடம் எழுதிக் கேட்டார்?

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு முதன்முதலாக அவர் ஆபீஸுக்குப் போனேன். மேட்டின் மேல் பெரிய ஹால். ஒரு சுவர் முழுக்க ஆளுயர ஜன்னல்கள். அதையொட்டி அப்பாவின் சாய்வு மேஜை. வெளிச்சம் பால்போல் காகிதத்தில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. இது எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வடக்கு. பிளான் போடுறவனுக்கு வடக்கு வெளிச்சம்தான் சுத்தம். நெழல் விழாது, காத்தும் எதமா வரும்" என்றார், என்னிடம் மாட்டிக்கொண்டது தெரியாமல்.

"வாடை ஏறாதாப்பா?"

அவர் டிபன் கேரியரை வாங்கிக் கீழே வைத்தார். "வீட்டுக்குப் போ" என்றார். அன்றையிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு குறைந்துபோனது.

அம்மாவின் இருமல் இளைப்பானது. ஆஸ்பத்திரியில் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள் என்றார்கள். மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போகிறேன், கப்பல் டிக்கெட்டுக்கு எழுதியிருக்கிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயதில், ஒரு ஆகஸ்ட் மாத மழையில், அந்தச் சமையலறைத் தரையிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். இரண்டு பலகை. அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பா ரிட்டயராகி வீட்டைக் காலி செய்ததும் புதிதாக வந்தவன் முதல் வேலையாக வடக்குச் சுவரை அறுத்தான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் அதற்குள் ஆசிரியையாகி, கல்யாணமாகி, போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட் என்ற ஊரில் சின்னதாக ஒரு பலகை வீடு கட்டியிருந்தேன். என் சமையலறையில் வடக்கே பெரிய ஜன்னல். வேறு போக்கிடமில்லாமல் அப்பா என்னிடம் வந்தார். தென்கோடி அறையைக் கொடுத்தேன். ஒற்றை ஜன்னல், தெற்குப் பார்த்து. தெரியாமல் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மே மாதம் மழை அடித்தபோது நானே தகரம் வைத்து ஆணி அடித்தேன்.

இரண்டாவது மழையில் அவர் இருமத் தொடங்கினார். பகலிலும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கஞ்சி கொண்டுபோனபோது மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, வடக்கால ஒரு சன்னல் வைக்கலாம்லா?"

"வாடை ஏறும்பா. ஒடம்புக்கு ஆகாது."

 அவர் தலையணைக்கடியிலிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் பென்சிலில் எங்கள் பழைய குவாட்டர்ஸின் பிளான். கோடு நடுங்கியிருந்தாலும் அளவெல்லாம் சரியாக இருந்தது. சமையலறையின் வடக்குச் சுவரில் மூன்றடிக்கு நான்கடி ஜன்னல் போட்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்கா, பாரு."

"அம்மாகிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் அவர் கேட்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. அப்பா ஏன் அறுக்கவில்லை என்று பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவள் நான். அவருக்காவது சொல்லிக்கொள்ள ஒரு சர்க்கார் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை. வீடு என்னுடையது, சுவர் என்னுடையது, ரம்பம் தாழ்வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.