செவ்வாய்க்கிழமை என்று போட்ட வரி

நகராட்சிப் பதிவேட்டு அறையில் அவளுக்குக் கடிகாரக்காரி என்று பெயர். கையில் கடிகாரமே கட்டாதவளுக்கு இந்தப் பட்டம் வாங்கிக்கொடுத்தது அவளுடைய பொழுதுபோக்குதான். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க எந்த ஊரில், எந்த நாளில் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்தியது என்று உலகம் பூராவும் சிலர் சம்பளமில்லாமல் ஒரே தகவல் தொகுப்பில் எழுதிச் சேர்க்கிறார்கள். உங்கள் போனில் ஓடும் கடிகாரம்கூட அதைப் பார்த்துத்தான் பழைய மணியைச் சொல்கிறது. நம்பாவிட்டால் போங்கள்.

அவள் அதில் எழுதியது ஒரே ஒரு வரி. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. ஆதாரம், அப்பா சொன்னது.

அப்பா ரயில்வே கேட்காரர். அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை விடிகாலை, முதல் ரயிலுக்கு அவர் கேட்டை அடைக்கவில்லை. லாரியில் வந்த மூன்று பேர் செத்தார்கள். "ஊருக்கு மணி மாறினது செவ்வாய்க்கிழமைதான், ரயில்காரங்க முன்னாடியே மாத்தி வண்டியை விட்டுட்டாங்க" என்று சாகும்வரை சொன்னார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? வேலை போனது. ஆளைக் கொன்றவன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அந்த வரி ஏறிய அன்று அம்மா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "உலகமே ஒத்துக்கிச்சு பாரு" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் பழைய கோப்புகளை மூட்டை கட்டும்போது அந்தத் தாள் வந்து விழுந்தது. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைக்க வேண்டும் என்ற நகராட்சி அறிவிப்பு. கீழே, வாங்கிக்கொண்ட ரயில்வே ஆட்களின் கையெழுத்து. நாலாவது அப்பாவுடையது. கிழித்துப் போட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். பொய் என்று தெரிந்த பிறகு அதை ஊர் உலகத்துக்கெல்லாம் மணியாகக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அம்மா, அந்த வரியை மாத்தணும். ஞாயித்துக்கிழமையே மாறிடுச்சு. அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கு."



"தெரியும்டி. விடிகாலை வேலைன்னு சாயங்காலமே படுத்தார். கடிகாரத்தைத் தள்ளி வெச்சிடுன்னு என்கிட்டதான் சொன்னார். அன்னிக்கு உனக்கு அனலாக் கொதிக்குது உடம்பு. மறந்தே போயிட்டேன்."

"அப்பா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஏன் மறந்தேன்னு வீட்டுக்குள்ளகூடக் கேக்கலைடி, பாவி மனுஷன். கேட்டிருந்தா அழுதாவது தீர்த்திருப்பேன்."

அவள் அழுதுகொண்டே செவ்வாயை அழித்து ஞாயிறு என்று அடித்தாள். ஆதாரம் என்ற இடத்தில் தாளின் படத்தைச் சேர்த்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"நான் மறந்ததையும் அதுல எழுதிடு."

"இதுல நாளும் மணியும் மட்டும்தாம்மா எழுத முடியும்."